ஒரு பெட்டிக்காக நின்ற வரிசை

பருப்பும் புளியும் மிளகாய் வற்றலும் பேசுகிற பத்திரிகையில் பொம்மைச் சமாச்சாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பொம்மையைப் பற்றித்தான் எழுதுகிறோம். ஆனால் அது நம் கல்லாவுக்கு எதிரே வந்து நிற்கிற விஷயம் என்பதால் எழுதுகிறோம். ஒரு பக்கம் பொறுத்துப் படியுங்கள்.

2017 செப்டம்பரில் மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தோம். நியூஜெர்ஸியில் வேலை. ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். இந்நேரத்தில் எங்கே என்று கேட்டோம். "லெகோ கடைக்குப்பா. புதுப் பெட்டி வருது. நீங்களும் வாங்க" என்றான். கடை நடத்துகிறவனுக்கு அடுத்தவன் கடை எப்படித் திறக்கிறது என்று பார்ப்பதில் ஒரு ஆசை உண்டு. கிளம்பிவிட்டோம்.

கடை திறக்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அதற்குள் வாசலில் வரிசை. குழந்தைகள் யாரும் இல்லை. நாற்பது, ஐம்பது வயது ஆண்கள், சில பெண்கள். மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் காப்பி, மேலே ஒரு போர்வை. நமக்கு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை தெரியும், தீபாவளியன்று முதல் ஆட்டத்துக்கு நின்ற வரிசை தெரியும். இது எதிலும் சேராத வரிசை. ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் பழைய நண்பர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பெட்டியை எந்த வருஷம் வாங்கினேன், எதை விட்டேன் என்பதுதான் பேச்சு முழுவதும்.

அவர்கள் காத்திருந்தது ஒரு கப்பலுக்கு. கடலில் போகிற கப்பல் இல்லை, 'ஸ்டார் வார்ஸ்' என்ற சினிமாவில் வானத்தில் பறக்கிற கப்பல். பெயர் மில்லெனியம் ஃபால்கன். அதை 7,541 பிளாஸ்டிக் துண்டுகளால் நாமே கோத்துக் கட்ட வேண்டும். விலை 799 டாலர் 99 சென்ட். அன்றைய கணக்கில் நம் காசுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். வரிவேறு. லெகோ கம்பெனி அதுவரை போட்ட பெட்டிகளில் அதுதான் பெரியது. ஆகஸ்டு கடைசியில் அறிவித்தார்கள். அக்டோபர் 1 முதல் எல்லோருக்கும், செப்டம்பர் 14 அன்றே தங்கள் வாடிக்கை அட்டை வைத்திருப்பவர்களுக்கு என்று சொல்லியிருந்தார்கள். அந்த அட்டைக்குக் காசு கிடையாது, பெயர் கொடுத்தால் போதும். நாம் பார்த்தது அந்தச் செப்டம்பர் 14 வரிசை.

கடையைத் திறக்கும் முன் உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். வரிசையை எண்ணினார். இந்த ஆள் வரை சரக்கு இருக்கிறது, இதற்குப் பின்னால் நிற்பவர்களுக்கு இன்று இல்லை என்று கையைக் காட்டிச் சொன்னார். மகன் கைக்குப் பின்னால் இருந்தான். நாலு பேர் தாண்டி. கோபித்துக்கொள்வான் என்று நினைத்தோம். "பரவாயில்லப்பா, மறுபடியும் வரும். விலையும் இதேதான்" என்றான். உள்ளே போய்ப் பேரனுக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தான். சில மாதம் கழித்து அந்தப் பெரிய பெட்டி வந்தது. அதே 799.99 டாலர்தான்.

இந்த இடத்தில் நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2015 தீபாவளி நேரம் துவரம்பருப்பு என்ன விலை விற்றது என்பது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். சில்லறையில் கிலோ இருநூறைத் தொட்டது. மத்திய அரசு இருப்புக்கு வரம்பு போட்டது. நாட்டில் பல இடங்களில் குடோன் குடோனாகச் சோதனை நடந்தது. நம் கீழமாசி வீதிக் கடையில் இருந்தது வரம்புக்கு உட்பட்ட சரக்குதான், சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. ஐம்பது கிலோ மூட்டையில் அறுபது மூட்டை பின்கட்டில் இருந்தது. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் வந்தார். நம் அப்பா காலத்திலிருந்து பற்று வரவு. "அண்ணாச்சி, ரெண்டு மூட்டை துவரை போடுங்க. தீபாவளிக்கு ஊர்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். "இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டோம். இன்னும் பத்து ரூபாய் ஏறும் என்று கணக்கு. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வாசலில் நம் லோடுமேனிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. பின்கட்டில் என்ன இருக்கிறது என்று லோடுமேனுக்குத் தெரியாதா?

விலை ஏறவில்லை, இறங்கியது. அப்படியும் அந்தச் சரக்கில் நாலு காசு லாபம் வந்தது. அந்த லாபமே 2016-இல் மறுபடியும் கை வைக்கச் சொன்னது. அந்த வருஷம் நாடு முழுக்கப் பருப்பு விளைச்சல் எப்போதும் இல்லாத அளவு. புதுச் சரக்கு இறங்க இறங்க விலை சரிந்தது. 2017-இல் விவசாயிக்கு ஆதார விலைகூடக் கிடைக்கவில்லை. நமக்கும் கை சுட்டது. அந்த நஷ்டத்தோடுதான் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினோம். அதனால்தான் கடைக்காரர் வரிசையை எண்ணி, உண்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது அப்படிப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் இந்த லெகோ விவகாரம் முழுவதையும் கேட்டோம். இப்படித்தான் ஒரு வாரம் போனது. மருமகளுக்குச் சிரிப்பு.

பதுக்கல் அங்கேயும் இருக்கிறது. நம்மைவிடப் பெரிதாகவே இருக்கிறது. இதே ஃபால்கன் கப்பலை 2007-இல் ஐயாயிரத்துச் சொச்சம் துண்டுகளோடு 499.99 டாலருக்கு விற்றார்கள். சில வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும் வெளிச்சந்தையில் விலை ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறிப் பல ஆயிரம் டாலருக்குப் போனது. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்து விற்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். தங்கம் வாங்குவதற்குப் பதில் லெகோ வாங்கு என்று அங்கே பேச்சு. 2008-இல் ஆக்ரா தாஜ்மஹாலை ஒரு பெட்டியாகப் போட்டார்கள். 5,900-க்கு மேல் துண்டுகள், விலை 299.99 டாலர். அதையும் நிறுத்திய பிறகு வெளியில் விலை பல மடங்கு.

2017-இல் கம்பெனி இரண்டையும் மறுபடி கொண்டு வந்தது. செப்டம்பரில் கப்பல், இன்னும் பெரிதாக. நவம்பரில் தாஜ்மஹால், ஏறக்குறைய பழைய துண்டுகளே, புது நம்பரோடு, 369.99 டாலருக்கு. அலமாரியில் பத்துத் தாஜ்மஹால் அடுக்கி வைத்திருந்தவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். புதுக் கப்பலைச் செப்டம்பரில் வாரி வாங்கி வைத்தவனுக்கும் அதே கதைதான். பழையது மாதிரிச் சீக்கிரம் நிறுத்தவில்லை, வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் துவரை கதைக்கும் அதற்கும் மொழிதான் வேறு.

இதில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஒரு பொருளுக்கு ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்றால் முதல் வாரத்தில் விலையை ஏற்றுவதும், சரக்கை மறைப்பதும்தான் நம்மில் பலருக்குத் தோன்றும். அந்தக் கம்பெனி தேதியை முன்னாலேயே சொல்கிறது. விலையை முன்னாலேயே சொல்கிறது. தேவைப்பட்டால் ஒரு வீட்டுக்கு இத்தனைதான் என்று அளவு வைக்கிறது. தீர்ந்துபோனால் தீர்ந்தது, வந்தால் அதே விலை. விலை ஏற்றாமலே இல்லை. 2022-இல் இதே கப்பலுக்கு ஐம்பது டாலர் ஏற்றினார்கள். ஆனால் வரிசையில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்து ஏற்றவில்லை.

அதற்குப் பின்னால் ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் 1932-இல் ஒரு தச்சர் மரப் பொம்மை செய்து ஆரம்பித்த தொழில் அது. பெயர் ஓலெ கிர்க் கிறிஸ்டியான்சன். அவர் மகன் ஒரு முறை மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிப்பதற்குப் பதில் இரண்டு அடித்துப் பெட்டி கட்டி ரயிலடிக்கு அனுப்பிவிட்டு, ஒரு பூச்சுக் காசு மிச்சம் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாராம். அப்பா, போய் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டு வா, மூன்றாவது பூச்சை அடி என்று அனுப்பிவிட்டார். கம்பெனியில் இன்றும் சொல்கிற கதை இது. இப்போதுள்ள மாதிரிக் கட்டைக்கு 1958 ஜனவரியில் காப்புரிமை கேட்டு எழுதினார்கள். அன்று வார்த்த கட்டை இன்று வார்க்கிற கட்டையோடு சரியாகப் பொருந்தும். நம் தொழிலில் சொன்னால், அறுபது வருஷத்துக்கு மேலாகப் படியின் அளவை மாற்றாத கடை. அப்படிப்பட்ட கடையின் வாசலில் விடியற்காலையில் ஆள் நிற்கத்தான் செய்வான்.

ஆனால் கம்பெனியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள நாம் எழுதவில்லை. அதே 2017-இல் நடந்த மற்ற சமாச்சாரங்களையும் பாருங்கள்.

வரிசை நின்ற அதே மாதம் 5-ஆம் தேதி லெகோ கம்பெனி 1,400 பேரை வேலையிலிருந்து குறைக்கப் போவதாக அறிவித்திருந்தது. அந்த வருஷக் கணக்கு வெளியானபோது விற்பனை எட்டு சதவிகிதம் குறைந்திருந்தது. காரணம் என்ன? குடோனிலும் கடைக்காரர்கள் அலமாரியிலும் தேவைக்கு மேல் சரக்கு தேங்கிவிட்டது, அதைக் கரைக்க வேண்டியிருந்தது என்று அவர்களே சொன்னார்கள். ஒரு பெட்டிக்கு ஊரே வரிசையில் நிற்கிறது, மற்றப் பெட்டிகள் தூசி படிந்து கிடக்கின்றன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். 2003, 2004-லும் இதே மாதிரித் தடுமாறியவர்கள்தான். கண்டதையெல்லாம் போட்டு, துண்டு வகைகளைப் பெருக்கிவிட்டு, கம்பெனியே கைமாறிவிடுமோ என்ற நிலைக்கு வந்தார்கள். வகைகளை வெட்டிக் குறைத்த பிறகுதான் மூச்சு வந்தது. தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்து வருஷம் முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று கொள்முதல் போடுகிற நம் இளைஞர்கள் இதைக் கவனிக்கலாம்.

அடுத்தது இன்னும் கசப்பானது. செப்டம்பர் 18, அதாவது நாம் வரிசை பார்த்த நாலாம் நாள், டாய்ஸ் ஆர் அஸ் கம்பெனி கடனிலிருந்து பாதுகாப்புக் கேட்டுத் திவால் கோர்ட்டுக்குப் போனது. அமெரிக்காவின் பெரிய பொம்மைக் கடை. சார்லஸ் லாசரஸ் என்பவர் 1948-இல் வாஷிங்டனில் குழந்தைகளுக்கான மரச்சாமான் கடையாகத் தொடங்கிப் பெருக்கியது. 2005-இல் முதலீட்டுக் கம்பெனிகள் கடன் வாங்கி அதை விலைக்கு எடுத்தன. வாங்கின கடனைக் கடையின் தலையிலேயே கட்டின. கடன் ஐநூறு கோடி டாலர் அளவுக்கு நின்றது. 2018 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளையெல்லாம் மூடப் போவதாகச் சொன்னார்கள். சொன்ன ஒரு வாரத்துக்குள் லாசரஸ் காலமானார். ஜூனில் கடைசிக் கடையும் சாத்தியாயிற்று.

அந்தப் பெரிய கடை தன் காலத்தில் எத்தனையோ தெருமுனைப் பொம்மைக் கடைகளை விழுங்கித்தான் பெரிதானது. அதற்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் வரிசையில் நின்ற மகனின் ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னது மனதில் நிற்கிறது. ஐம்பது வயது இருக்கும், வெள்ளைக்காரர். சிறு வயதில் அவர் அப்பா சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும்போது தெருவில் இருந்த பொம்மைக் கடையில் ஒரு சின்ன லெகோ பெட்டி வாங்கி வருவாராம். கடைக்காரர் அந்தப் பையனுக்கு என்ன பெட்டி பாக்கி என்று நினைவு வைத்திருப்பாராம். ஏற்கெனவே இருப்பதைக் கொடுக்க மாட்டாராம். "அந்தக் கடை இப்போது இல்லை" என்றார்.

நண்பர்களே, விஷயம் இதுதான். விடியற்காலையில் ஐம்பதாயிரம் ரூபாயோடு வாசலில் நிற்கிற ஆளை உண்டாக்கியது யார்? தரம் கம்பெனியுடையது, சினிமா யாருடையதோ. ஆனால் அந்த ஆள் ஆறு வயதுப் பையனாக இருந்தபோது சின்னப் பெட்டியை அவன் கையில் கொடுத்து, அவன் அப்பாவுக்கு ஒரு வாரம் கடன் சொல்லி, அவனை வளர்த்தது அந்தச் சில்லறைக் கடைக்காரன். அவன் வளர்த்த வாடிக்கை பெரிய ஆளாகிப் பெரிய நோட்டோடு வருகிறபோது, பெரிய பெட்டி கம்பெனியின் சொந்தக் கடையிலும் கம்பெனியின் இணையத்திலும்தான் கிடைக்கும் என்கிறார்கள். இந்த மாதிரிப் பெரிய பெட்டிகளைப் பெரும்பாலும் அப்படித்தான் இறக்குகிறார்கள். சின்னப் பெட்டி உனக்கு, பெரிய பெட்டி எனக்கு.

கம்பெனியைக் கேட்டால் நியாயம் சொல்வார்கள். அத்தனை விலை உயர்ந்த சரக்கைச் சின்னக் கடைக்காரன் வாங்கி வைக்க முடியுமா, விற்காவிட்டால் அவன் பணம் முடங்காதா என்பார்கள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. 800 டாலர் பெட்டியில் பத்து வாங்கி வைத்தால் சின்னக் கடையின் முதல் அங்கேயே நின்றுவிடும். ஆனால் பெயர் எழுதிக்கொண்டு, முன்பணம் வாங்கி, இரண்டு பெட்டி கேட்கிற கடைக்காரனுக்கு இரண்டு பெட்டி கொடுப்பதில் என்ன கஷ்டம்? மனம் இருக்க வேண்டும்.

ஒரு வேடிக்கை. அங்கேயும் நம்மாட்கள் மாதிரிச் சின்ன வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. பெட்டியை வாங்கிப் பிரித்து, துண்டு துண்டாகத் தரம் பிரித்து, யாருக்கு எந்தத் துண்டு குறைகிறதோ அதை மட்டும் விற்கிறார்கள். மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடுகிற அதே தொழில். பல நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கான பேர் இப்படி விற்கிற பிரிக்லிங்க் என்ற சந்தை கணினியில் நடக்கிறது. 2019-இல் அந்தச் சந்தையையே லெகோ கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது!

நம் பக்கம் இது எப்படி வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். புது சோப்பு, புது பிஸ்கட், புது மசாலா பாக்கெட் டி.வி.யில் விளம்பரம் வந்த மறுநாள் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். நம்மிடம் இருக்காது. பெரிய அங்காடியில் இருக்கும், மொபைலில் ஆர்டர் போட்டால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வரும். நம் கடைக்கு ஏஜென்சி வண்டி வரும்போது அதன் மவுசு போயிருக்கும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டை விற்று அந்தப் பெயரை ஊருக்குள் கொண்டு போனது நாம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற பெரிய பேக் நம் கண்ணில் படாது. கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசுகிறபோது நம் சங்கம் கமிஷன் அரை சதவிகிதத்தைத்தான் கேட்கிறது. புதுச் சரக்கு எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் வர வேண்டும், எல்லா அளவுப் பேக்கும் வர வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. அரை சதவிகிதத்தைப் பிறகு பார்க்கலாம். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்க இருக்கிறோம். ஒத்த கருத்துள்ளவர்கள் கையெழுத்துப் போடுங்கள்.

மொத்த வியாபாரிகளான நாமும் யோக்கியமாக இருந்தால்தான் இதைக் கேட்க வாய் வரும். கம்பெனி சில்லறைக் கடைக்காரனுக்குச் சரக்கு மறுப்பது தப்பு என்றால், மேலூர்க்காரருக்கு நாம் மறுத்தது என்ன? அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்ததும் கடையில் ஒரு கரும்பலகை மாட்டினோம். பண்டிகைக்கு இருபது நாள் முன்னால் என்ன சரக்கு, எத்தனை மூட்டை, என்ன விலை, ஒரு கடைக்கு எத்தனை என்று எழுதிவிடுகிறோம். தீர்ந்தால் அழித்துவிடுகிறோம். முதல் வருஷம் பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். விலையை வெளியே எழுதினால் எதிர்க்கடைக்காரன் ஒரு ரூபாய் குறைத்துப் போடமாட்டானா என்றார்கள். போட்டான். சில வாடிக்கைகள் போனார்கள், சிலர் திரும்பினார்கள். இதனால் லாபம் கூடியது என்று சொன்னால் பொய். தீபாவளி வாரத்தில் வாசலில் சத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2025 அக்டோபரில் மகன் போனில் பேசினான். லெகோவில் இன்னொரு பெரிய பெட்டி, அதே சினிமாவில் வருகிற 'டெத் ஸ்டார்', 9,023 துண்டுகள். விலை 999.99 டாலர், நம் பணத்தில் எண்பத்தைந்தாயிரத்தைத் தாண்டும். அந்தக் கம்பெனி ஒரு பெட்டிக்கு இவ்வளவு விலை வைத்தது அதுவே முதல் தடவை. ரசிகர்களுக்குள் பெரிய சண்டை. உருண்டையாக வரும் என்று வருஷக்கணக்கில் எதிர்பார்த்தார்கள், வெட்டி வைத்த துண்டு மாதிரித் தட்டையாகத்தான் வந்தது, இதற்கு ஆயிரம் டாலரா என்று. பேரனுக்கு இப்போது பதிமூன்று வயது. அவனுக்கு அது வேண்டுமாம். காசு சேர்க்கிறானாம். எந்தக் கடையில் வாங்குவீர்கள் என்று கேட்டோம். "கம்பெனிக் கடைதான்பா. வேற எங்க இருக்கு?" என்றான்.

மேலூர்க்காரர் இன்றும் கீழமாசி வீதிக்கு வாரம் ஒரு முறை வருகிறார். நம் கடைக்கு மூன்று கடை தள்ளிச் சரக்கு எடுக்கிறார். போகிற வழியில் கரும்பலகையை நின்று படிப்பதைப் பார்த்திருக்கிறோம். நாம் வணக்கம் சொன்னால் அவரும் சொல்கிறார்.